எந்த ஃப்ளாட், சார்?

"ஐயோ...!"

நாயோடு வாக்கிங் கிளம்பிய அம்மாள் போட்ட அலறலில், அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜன்னல்கள் படபடவென்று திறந்தன.

கேட்டுக்கு வெளியே சிமென்ட் பெஞ்ச். அதன் மேல் ஒரு ஆள். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பொத்தான்கள் பிய்ந்திருந்தன. ஒரு காலில் மட்டும் செருப்பு.

உயிர் இல்லை!

இன்ஸ்பெக்டர் வந்தாள். குனிந்து பார்த்தாள். அக்குளில் சிவப்பாகத் தடம். நெஞ்சில் கன்றிப்போன காயம்.

"விலா எலும்பு உடைஞ்சிருக்கு போல, மேடம்," என்றார் ஏட்டு. "எவனோ மேல ஏறி உக்காந்து குத்தியிருக்கான்."

"இந்த ஃப்ளாட் ஆளா?"

"சேச்சே! ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். பெயிண்டர்."

கேட்டில் இருந்த கேமரா பாக்கியைச் சொன்னது. ஒல்லியான ஒருவன் பெயிண்டரை அக்குளில் கை கொடுத்து இழுத்து வருகிறான். பெஞ்சில் கிடத்துகிறான். நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமுக்குகிறான்... அமுக்குகிறான்... பிறகு எழுந்து ஓடுகிறான். திரும்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஓடுகிறான்!

ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பெயிண்டரின் பக்கத்து வீட்டு டெய்லர். தையல் மெஷினில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தவனை அப்படியே அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"ஏன்டா கொன்ன?"

டெய்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கொலைக் கேஸ்டா. ஆயுசு முழுக்க உள்ள இருக்கணும். புரியுதா?"

"போட்டுக்குங்க மேடம்."

இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினாள். அவள் சர்வீஸில் எத்தனையோ பேர் சத்தியம் பண்ணியிருக்கிறார்கள், காலில் விழுந்திருக்கிறார்கள். 'போட்டுக்குங்க' என்று யாரும் சொன்னதில்லை.

வாசலில் சத்தம். பெயிண்டரின் மனைவி. நீல யூனிஃபார்மைக் கூட மாற்றாமல், வேலை செய்த இடத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள்.

"அண்ணா அண்ணான்னு வாய் நிறையக் கூப்பிட்டேனேடா, பாவி! அவர் உனக்கு என்ன துரோகம் பண்ணாரு?"

டெய்லர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவளை வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்தாள் இன்ஸ்பெக்டர்.

"ஏட்டய்யா, எனக்கு ஒண்ணு இடிக்குது. கொல்றவன் எதுக்கு ரயில் பாதையைத் தாண்டி, பணக்காரன் கேட் வரைக்கும் தூக்கிட்டு வரணும்? அதுவும் கேமராவுக்கு நேரா!"

"இவன் ஃபோனைப் பாருங்க மேடம். ஆம்புலன்ஸுக்குத் திரும்பத் திரும்ப அடிச்சிருக்கான். முதல் கால் மட்டும்தான் போயிருக்கு. ரெக்கார்டிங் கேட்டு வாங்கிட்டேன்."

டெய்லர் துள்ளி எழுந்தான். "மேடம்! அதைப் போடாதீங்க! நான்தான் கொன்னேன். எழுதிக்குங்க!"

"உக்காரு. அந்தக் கேட்டுக்கு ஏன் போன?"

"எங்க தெருவுக்கு ஆம்புலன்ஸ் வராது மேடம். ஆட்டோ புடிச்சு வாங்கம்பாங்க. அதனால ஃப்ளாட் அட்ரஸைச் சொல்லி, நோயாளியை அங்க தூக்கிட்டுப் போயிடுவோம். ஃப்ளாட்காரங்க மாதிரி பேச எனக்கு நல்லா வரும். தெருவுல யாருக்கு முடியலைன்னாலும் நான்தான் பேசுவேன். எத்தனை பிரசவம் பாத்திருக்கு இந்த வாய்..."

"நெஞ்சுல ஏன் அமுக்கின?"

"மூச்சு நின்னா அப்படித்தான் பண்ணணும்னு ஃபோன்ல பாத்தேன். அப்புறம் வேற ஃபோன் கேட்டு ஓடினேன். எவனும் கதவைத் திறக்கல. திரும்பி வந்தா... போயிட்டான் மேடம்."

ஏட்டு பொத்தானை அமுக்கிவிட்டார்.

"ஹலோ! இம்மீடியட்டா ஆம்புலன்ஸ் அனுப்புங்க! ஹார்ட் அட்டாக்! வாட் நான்சென்ஸ், எவ்வளவு நேரம் வெயிட் பண்றது?" டெய்லரின் குரல்தான். ஆனால் கோட்டு சூட்டு போட்ட குரல்.

"எந்த ஃப்ளாட், சார்?" தேன் தடவிய பெண் குரல்.

"செவன் நாட் டூ... கொஞ்சம் சீக்கிரம்மா. கையெடுத்துக் கும்புடறேன்..."

அடுத்த விநாடி அந்தத் தேன் காணாமல் போய்விட்டது.

"யாருகிட்ட கதை விடறீங்க? நானே ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து ஆளுதான். வைங்க ஃபோனை!"

டொக்!

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் குரலைச் சற்றுமுன்தான் கேட்டிருந்தாள்... இதே வாசலில்!

வாசலில் நிழல். நீல யூனிஃபார்ம். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது... என் குரல். ஆம்புலன்ஸ் ஆபீஸ்ல ஃபோன் எடுக்கறதுதான் என் வேலை."

"தங்கச்சி, நீ வெளிய போம்மா," என்று டெய்லர் கதறினான்.

"ஃப்ளாட்காரங்க அதட்டுவாங்க மேடம். கும்புடறேன்னு கெஞ்ச மாட்டாங்க. அதை வெச்சுத்தான் கண்டுபிடிப்பேன்," என்றாள் அவள். "போலி ஃபோன் கால் பிடிக்கறதுல நான்தான் கெட்டிக்காரின்னு எங்க ஆபீஸ் பெரிய டாக்டர் எல்லார் முன்னாடியும் கை தட்டினாரு." டெய்லர் பக்கம் திரும்பினாள். "யாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணா?"

"கடைசியில நீ உன் சொந்தக் குரல்ல பேசினப்பதாம்மா நீன்னு தெரிஞ்சது. வாயைத் திறக்கறதுக்குள்ள வெச்சுட்ட. திருப்பி அடிச்சா நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. இன்ஸ்பெக்டருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

"ஏட்டய்யா, ஜீப்பை எடுங்க."

மாவட்ட சுகாதார அலுவலகம். பெரிய டாக்டரின் தலைக்கு மேலே பளபளவென்று ஒரு கேடயம். ஆம்புலன்ஸ் சீக்கிரம் வருவதில் முதலிடமாம்!

"ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஏன் டாக்டர் வண்டி போறதில்ல?"

"எல்லாம் சந்து பொந்தும்மா! உள்ள போனா லேட்டாகும். மாவட்டத்தோட சராசரி கெட்டுடும்." சிரித்தார். "நிறுத்தச் சொன்னதே நான்தான். அதுக்கப்புறம்தான் இந்தக் கேடயம்."

"கிளம்புங்க டாக்டர். உங்களைக் கைது பண்றேன்."

சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னம்மா விளையாடுறீங்க? செத்தவன் யாருன்னே எனக்குத் தெரியாது. நான் அவனைத் தொடக் கூட இல்லையே!"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தாள்.

"அதுக்குத்தான் டாக்டர் கைது!"