மூன்றாவது வரியில் பிழை

“ஐயோ... கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

“தெரியலங்க... அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வியா இது?

தரையெங்கும் பிரேம்கள்... கறுப்பு, பழுப்பு, தங்க விளிம்பு. காலையிலிருந்து ஒவ்வொன்றாகத் துடைத்து அவள் அடுக்கியிருந்த சுழல் ஸ்டாண்ட் குப்புறக் கிடந்தது. பக்கத்தில், தொப்பலாக நனைந்த ஒருவன், உடைந்த கண்ணாடியைக் கையில் பிடித்தபடி முழித்துக்கொண்டிருந்தான்.

“பஸ்ஸை விட்டு இறங்கறப்ப விழுந்துடுச்சு. குனியறதுக்குள்ள ஒருத்தர் மிதிச்சுட்டார். எதிர்ல பெருசா ஒரு கண்ணு மட்டும் மங்கலா தெரிஞ்சுது... கண்ணாடிக் கடை போர்டா இருக்கும், இல்லேன்னா யாரோ நம்மளை முறைக்கிறாங்கன்னு நினைச்சு வந்தேன்.”

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை.

“கண்ணு! என்ன சத்தம் அங்க?” பக்கத்து அறையில் லென்ஸ் மெஷினோடு இருந்த அப்பா குரல் கொடுத்தார்.

“கஸ்டமர்ப்பா!”

“வந்தவர் கண்ணை அளந்துடு கண்ணு.”

‘கண்ணு’ எது, கண் எது என்று புரியாமல் அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தது இன்னும் வேடிக்கையாக இருந்தது.

முக்காலியில் உட்கார வைத்தாள். மில்லிமீட்டர் ஸ்கேலை அவன் மூக்கின் மேல் கிடையாக வைத்தாள். “இமைக்காம என் நெத்தியைப் பாருங்க சார்.”

“நெத்தி எங்க இருக்குன்னு சொன்னீங்கன்னா...”

“நேரா!”

ஒரு நாளைக்கு இருபது ஜோடிக் கண்களை அளக்கிறவள் அவள். கண்கள் அவளுக்குப் பழகிப்போன சரக்கு. ஆனால் இவை... எதையும் பிடித்துக்கொள்ள முடியாமல், எதையும் ஒளிக்கவும் தெரியாமல், அப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தையின் கண்களைப் போல அவள் முகத்தில் அலைந்தன. இமையோரத்தில் ஒரு மழைத்துளி. அறுபத்து நான்கு... இல்லை, அறுபத்து மூன்று... ச்சே, எண் தப்பிவிட்டது. மறுபடி அளந்தாள்.

உடைந்த லென்ஸை மெஷினில் வைத்துப் பார்த்த அப்பா வெளியே எட்டிப் பார்த்தார். “ரெண்டு கண்ணுலயும் மைனஸ் எட்டு. இது இல்லாம நீங்க எப்படித் தம்பி ரோட்டைத் தாண்டினீங்க? ஒண்ணரை மணி நேரம் ஆகும். உட்காருங்க.”

மைனஸ் எட்டு! மனசுக்குள் அப்போதே அவனுக்குப் பெயர் வைத்துவிட்டாள்.

கடையின் பின்கதவைத் திறந்தால் வீடு. கதவோரமாக ஒரு மேஜை, அதன் மேல் அக்கா கொடுத்துவிட்டுப்போன பழைய கம்ப்யூட்டர். மழையில் வேறு யாரும் வரவில்லை. அவள் போய் அதன் முன்னால் உட்கார்ந்தாள். தட்டினாள். திரையைப் பார்த்தாள். மேஜையில் ஒரு குத்து விட்டாள்.

கடைப் பக்கம் கதவோர பெஞ்சில் காத்திருந்தவனின் குரல் வந்தது. “என்னங்க ஆச்சு?”

“ஒண்ணுமில்ல சார். மூணு நாளா ஒரு கம்பைலரோட சண்டை. உள்ளே வந்து உட்கார்ந்துட்டு, கூப்பிட்டா வர மாட்டேங்குது.”

“எந்தக் கம்பைலர்?”

அவள் அதன் பெயரைச் சொன்னாள். அவன் ஏனோ பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அதை வச்சு... என்ன பண்ணப் போறீங்க?”

பாவம், இவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். சொல்ல ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்.

“கம்பைலர்னா... இப்ப பாருங்க, நான் எழுதறது மனுஷங்க படிக்கிற மாதிரி இருக்கும். கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டுதான்... இருக்கு, இல்ல. அவ்வளவுதான். நடுவுல இவர் உட்கார்ந்துட்டு, நான் சொல்றதை ஒண்ணு விடாம, ஒண்ணு கூட்டாம, அலுத்துக்காம அதுகிட்ட எடுத்துச் சொல்றார். நினைச்சுப் பாருங்க சார்! ஒரு துண்டு உலோகம், மணல்லேர்ந்து வந்த சில்லு... அதுக்கு நான் சொல்றது புரியப்போகுது! நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்து ரெண்டு மாசமா நோட்டுலயே எழுதிட்டிருந்தேன். ஒண்ணுகூட ஓடினதில்ல. எல்லாம் வாயடைச்சுப்போய் நோட்டுக்குள்ள கிடக்கு... இதை எவங்க எழுதினாங்களோ. எங்க இருக்காங்களோ. நேர்ல பார்த்தா கையெடுத்துக் கும்பிட்டுடுவேன்.”

மைனஸ் எட்டுக்குத் திடீரென்று புரையேறியது.

“தண்ணி வேணுமா?”

“வேண்டாங்க... திரையில என்ன இருக்குன்னு படிங்களேன். எனக்கும் கொஞ்சம்... கேள்விப்பட்ட பழக்கம் உண்டு.”

அவள் படித்தாள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று அது சொன்னது.

“கம்பைலர் இருக்கிற இடத்தோட விலாசத்தைக் கம்ப்யூட்டர்கிட்ட சொன்னீங்களா?”

“முந்தாநாளே சொல்லிட்டேனே! புத்தகத்துல இருக்கிறபடி, பாதைங்கிற பட்டியல்ல சேர்த்தாச்சு.”

“எங்கே, ஒவ்வொரு எழுத்தா படிங்க.”

ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்துக் கேட்டான். மழைச் சத்தம்... உள்ளே மெஷினில் லென்ஸ் தேயும் சத்தம்... நடுவே அவள் குரல்.

“எல்லாமே சரியா இருக்குங்க.”

“அப்புறம் ஏன்...?”

“நீங்க கட்டளை தட்டற அந்தக் கறுப்பு ஜன்னலை எப்பத் திறந்தீங்க?”

“அதுவா... திங்கக்கிழமைலேர்ந்து திறந்துதான் இருக்கு. கம்ப்யூட்டரை நான் அணைக்கவே இல்ல.”

அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. “அதுக்குத் திங்கக்கிழமை வரைக்கும் நடந்ததுதான் தெரியும், அப்புறம் சேர்த்த விலாசம் தெரியாது. மூடிட்டுப் புதுசா ஒண்ணு திறங்க.”

மூடினாள். திறந்தாள். கம்பைலரின் பெயரைத் தட்டினாள்...

வந்தது! தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் சொல்லிக்கொண்டு, என்ன வேலை என்று கேட்பது போல வந்து நின்றது.

“அப்பா!” என்று கத்தினாள். “பேசுதுப்பா!”

அவசரமாக நோட்டைத் திறந்து ஒரு புரோகிராமைத் தட்டினாள். லென்ஸின் பவரும் அகலமும் கொடுத்தால் ஓரம் எவ்வளவு தடிமனாக வரும் என்று சொல்கிற கணக்கு. அப்பா இதுவரை அனுபவத்தில் சொல்வது. சில சமயம் தப்பி, பிரேமுக்கு வெளியே துருத்திக்கொண்டு, வாடிக்கையாளர் முகம் சுளிப்பது. கம்பைலரிடம் கொடுத்தாள்.

பிழை. ஆங்கிலத்தில் நீளமாக என்னவோ சொன்னது.

“மூணாவது வரின்னு சொல்லுது. இன்னது இருக்கும்னு எதிர்பார்த்தேன், அது கிடைக்கிறதுக்குள்ள வேற ஒண்ணு குறுக்க வந்துடுச்சுன்னு ஏதோ புலம்புது... ஓ! அரைப்புள்ளியா? ஏன் சார் இப்படிச் சுத்தி வளைக்கணும்? ‘மூணாவது வரி இன்னும் முடியல, கடைசில அரைப்புள்ளி விட்டுப்போச்சு’ன்னு சொன்னா வாய் வலிக்குமா?”

பெஞ்சில் இருந்தவன் கண்ணைத் திறந்தான். “இன்னொரு தடவை சொல்லுங்க.”

“எதை?”

“இப்ப சொன்னீங்களே... அதை அப்படியே.”

சொன்னாள். அரைப்புள்ளியையும் வைத்தாள். மறுபடி கொடுத்தாள். இந்தத் தடவை கம்பைலர் எந்தப் பிழையும் சொல்லவில்லை... அவள் புரோகிராமே ஓடி வந்து கேள்வி கேட்டது. பவர்? எட்டு என்றாள். அகலம்? ஐம்பது. லென்ஸின் நடுத் தடிமன், கண்ணாடியின் ஒளிவிலகல் எண், இரண்டையும் கொடுத்தாள்.

5.67.

அதே சமயம் அப்பா லென்ஸும் தடிமன் அளக்கிற காலிப்பரும் கையுமாக வெளியே வந்தார். “ஓரம் அஞ்சு புள்ளி ஏழு வருது தம்பி. இந்தப் பழுப்பு பிரேம்ல அடங்கிடும்.”

அவள் எழுந்து நின்றுவிட்டாள். அப்பா கையிலிருந்த கண்ணாடித் துண்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். நோட்டில் ஊமையாகக் கிடந்த நாலு வரி... அதற்கு இப்போது அப்பாவின் முப்பது வருஷக் கை தெரிந்திருந்தது. மேலெல்லாம் சிலிர்த்தது. கண் நிறைந்தது.

கண்ணாடியை மாட்டிவிட அவள்தான் போனாள். காதுக்குப் பின்னால் கொக்கி சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் பார்த்தாள். “தெரியுதா?”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

ஒன்றரை மணி நேரமாகக் குரலாக மட்டும் இருந்தவள் ஒரே நொடியில் முகமானாள். ஈரம் காயாத பெரிய கண்கள்... நெற்றியில் பேனா மைக் கோடு... அதிசயத்தைப் பார்த்துவிட்டு இன்னும் மூட மறந்த உதடுகள்...

“சார்... எழுத்துப் பலகை அந்தப் பக்கம் இருக்கு.”

“தெரியுது... நல்லா தெரியுது” என்றான், பலகையைப் பார்க்காமலே.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் வந்தான். குடிநீர் வாரியத்தில் மீட்டர் பரிசோதனை அறையில் வேலையாம். ஸ்க்ரூ லூஸ் என்பான். மூக்குப் பட்டை அழுத்துகிறது என்பான். பிறகு கதவோர பெஞ்சில் உட்கார்ந்து, அவள் அந்த வாரம் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்பான். ‘சார்’ எப்போது காணாமல் போனது என்று இருவருக்குமே தெரியவில்லை.

ஏழாவது வாரம் கம்பைலரின் புதிய பதிப்பு வந்தது. அவளே தனியாக ஏற்றினாள். ஏதோ ஒரு வரியில் பழைய பழக்கப்படி அரைப்புள்ளியை விட்டாள்.

‘ஒன்பதாவது வரி இன்னும் முடியவில்லை. கடைசியில் அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கிறது.’

ஆங்கிலம்தான். ஆனால் பேச்சு அவளுடையது... சொன்ன வரிசை மாறாமல்!

உலகத்தில் எத்தனை ஆயிரம் பேர் வீட்டில், எத்தனை அறைகளில், அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை இப்போது பேசிக்கொண்டிருக்கும்? அவள் அதை ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னாள். ஊர் ஊராக இருந்துகொண்டு, தங்கள் வேலை நேரம் போக, சம்பளமில்லாமல் அந்தக் கம்பைலரை எழுதுகிறவர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். மாற்றம் செய்தவரின் சின்னப் படம். பழுப்பு பிரேம்.

படக்கென்று மூடினாள்.

‘கேள்விப்பட்ட பழக்கமா?’ முகம் எரிந்தது. கம்பைலர் என்றால் என்னவென்று அவனுக்கே பாடம் எடுத்திருக்கிறாள்! கையெடுத்துக் கும்பிடுவேன் என்று வேறு... உள்ளுக்குள் எப்படிச் சிரித்திருப்பான்?

சனிக்கிழமை வந்தான். “வணக்கம் சார். என்ன வேணும்?” என்றாள்.

அந்த ‘சார்’ போதுமாயிருந்தது. அவன் முகம் வெளுத்தது. “நானே சொல்லணும்னுதான்...”

“ஏழு வாரமா நேரம் கிடைக்கலையா சார்? அப்பா! கஸ்டமர்!” உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பா கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பது கதவிடுக்கில் தெரிந்தது. “தம்பி, இந்த ஸ்க்ரூ இன்னைக்கும் லூஸ் இல்ல. ஏழாவது தடவையா சொல்றேன்.”

அடுத்த சனி அவன் வரவில்லை. அதற்கடுத்த சனியும் இல்லை. நிம்மதி என்று சொல்லிக்கொண்டாள். பெஞ்சை வெறுமே இரண்டு தடவை துடைத்தாள்.

திங்களன்று மதியம், கடையில் யாருமில்லாத வேளையில், பாதியில் மூடிய அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள். இந்தத் தடவை கீழே வரை படித்தாள்.

விவாதம் அன்றைய மழைநாளின் தேதியிலிருந்தே ஆரம்பித்திருந்தது. மற்றவர்கள் யாரும் லேசில் சம்மதித்திருக்கவில்லை. பழைய வாசகமே போதும் என்றார்கள். அவன் விடவில்லை... மூன்று வாரம் வாதாடியிருந்தான். கடைசியாக இப்படி எழுதியிருந்தான்:

‘இந்த வாசகத்தை எட்டு வருடத்துக்கு முன் எழுதியவன் நான்தான். போன மாதம் ஒருவர் இதை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அன்று என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை, கேட்க மட்டுமே முடிந்தது. இத்தனை நாளும் இதில் நான் பிழைகளைத்தான் பார்த்திருக்கிறேன். நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதை அவர் குரலில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன். சரியான வாசகம் அவருடையது. மாற்றியே ஆக வேண்டும்.’

இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை எழுத்து கலங்கிவிட்டது.

“அப்பா, கடையைப் பார்த்துக்குங்க. ஒரு மணி நேரத்துல வந்துடறேன்.”

“எங்க கண்ணு, சாப்பிடாமக்கூட?”

“குடிநீர் வாரியம்.”

அப்பா ஒரு கணம் பார்த்தார். “நம்ம வீட்டுக் குழாய் நல்லாத்தானே இருக்கு?” என்று சொல்லிவிட்டு, லென்ஸ் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

மீட்டர் பரிசோதனை அறை நீளமாக இருந்தது. நடுவே நீண்ட இரும்பு மேடை. அதில் வரிசையாக முப்பது மீட்டர்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. முப்பது முட்களும் ஒன்றாகச் சுற்றின. சுவரோரம் இரண்டு பேர் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும், மேடையருகே நின்ற அவன் கையிலிருந்த குறிப்புப் பலகை நழுவியது.

“படிச்சேன்!” இரைச்சலுக்கு மேலே கத்தினாள். “கடைசி வரைக்கும் படிச்சேன்! ஏன் முதல்லயே சொல்லல?”

“பயம்!” அவனும் கத்தினான். “நீங்க அதைப் பத்திப் பேசினப்ப... வானத்தை முதல் தடவை பார்க்கிறவங்க மாதிரி பேசினீங்க! நான்தான்னு சொல்லியிருந்தா, ‘ப்பூ, இவ்வளவுதானா’ன்னு ஆயிருக்கும்! ஸ்டாண்டைத் தள்ளிவிட்டவன்... முழிச்சுட்டு நின்னவன்... அந்த ஆச்சரியம் போயிடும்னு பயந்தேன்!”

“அது போகல! ரெண்டு பங்கா ஆகியிருக்கு!”

“என்ன? கேட்கல!”

அவள் இன்னும் கிட்டே வந்தாள். அவனும் வந்தான். காது கேட்காத குறையில், இதற்கு மேல் தாமதித்தால் சொல்லவே முடியாது என்ற அவசரத்தில், அவன் தொண்டை கிழியக் கத்தினான். மேடைக் கோடியில் இருந்த அளவுத் தொட்டியில் நூறு லிட்டர் நிரம்பியதும் வால்வு தானாக மூடிக்கொள்ளும். அந்த நொடி பார்த்து அது மூடிக்கொண்டது, இரைச்சல் அறுந்தது.

“...உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு! கல்யாணம் பண்ணிக்கணும்னு தோணுது!”

அறை முழுக்க நிசப்தம். முப்பது முட்களும் நின்றிருந்தன. சுவரோரம் இருந்த இருவரும் பேனாவைத் தூக்கியபடியே உறைந்துபோயிருந்தார்கள். அவன் காது வரைக்கும் சிவந்துவிட்டது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல், கடைசியில் வேறு வழியின்றி அவளையே பார்த்தான்.

அவள் தலைகுனியவில்லை. இப்படி ஒரு மனிதனை, இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு தெளிவாக அவள் பார்த்ததே இல்லை. இப்போது கத்த வேண்டியிருக்கவில்லை. மெல்லச் சொன்னாலே போதுமாயிருந்தது.

“எனக்கும்தான்...” என்றாள்.