இறுகிப்போன விசை

ஜெயமலர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கதவு திறந்ததும் திறக்காததுமாகக் கேட்டாள்.

"அக்கா, என்ர மனுசன் வேணுமெண்டே என்ர அண்ணையைச் சுட்டவரோ, இல்லையோ? இதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ. வேணுமெண்டு சுட்டவரெண்டா நான் இனி அந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டன்."

மங்கையற்கரசி அவளை உள்ளே கூட்டிவந்து இருத்தினாள். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் விபத்துகளை விசாரிப்பது அவள் உத்தியோகம். எரிந்த கடை தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று பார்த்துச் சொல்வாள். அவள் வசிக்கும் சென் ஜேம்ஸ் ரவுணில் நம்முடைய சனத்தின் வில்லங்கங்களை விசாரிப்பது சம்பளமில்லாத உத்தியோகம். ரக்சி ஓட்டும் கணவர் இரத்தினவேல்தான் அதற்கு உதவியாளர். அவள் முதல் கேள்வியைக் கேட்குமுன்பே அவர் குற்றவாளியைப் பிடித்துவிடுவார். இதுவரை அவர் பிடித்தவர்களில் ஒருவர்கூடக் குற்றவாளியில்லை என்பது வேறு விஷயம்.

ஜெயமலர் அழுதழுது சொன்ன கதை இதுதான். அவளுடைய கணவன் பஸ்ரியனும் அண்ணன் அருள்நாயகமும் கூட்டாக ஒரு பழைய வேட்டைத் துவக்கு வாங்கியிருந்தார்கள். அதன் விசை, அவர்கள் சொல்லும் ரிக்கர், பெயர்போன விசை. மாடு கட்டித்தான் இழுக்கவேண்டும் என்று இருவருமே சொல்லிச் சிரிப்பார்கள். ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் அருள்நாயகம் வீட்டு நிலக்கீழ் அறையில் அது பூட்டிக் கிடக்கும். இந்த நவம்பரில் மான் வேட்டைக்கு வடக்கே போனார்கள். முதல்நாள் அருள்நாயகம் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மானை விழுத்தினான். மறுநாள் துவக்கு பஸ்ரியன் கைக்கு வந்தது. மானைக் கலைத்து விரட்டியபடி மரங்களுக்கிடையால் வந்த அருள்நாயகத்தின் கெண்டைக்காலைக் குண்டு கிழித்துவிட்டது. பொலிஸ் விபத்தென்று எழுதித் துவக்கையும் திருப்பிக் கொடுத்தது. சனம் அப்படி எழுதவில்லை.

"அந்த ரிக்கர் கைதவறி இழுபடுற ரிக்கர் இல்லை அக்கா. வேட்டைக்கு முதல் ஒரு பேர்த்டே பார்ட்டியில, அண்ணை அதுவரை ஒரு மானும் விழுத்தாததை வைச்சு, 'மச்சான், உனக்கு ரிக்கர் இழுக்க விரல் இல்லையோ' எண்டு இவர் பகிடியாக் கேட்டவர். அண்ணை எழும்பி எல்லாருக்கும் முன்னால கன்னத்தில அறைஞ்சு போட்டார். இவர் 'உனக்கு ஒருநாள் காட்டுறன்' எண்டு சொல்லிப்போட்டு வந்தவர்."

"பிறகென்ன? காட்டிப்போட்டான்!" என்றார் இரத்தினவேல்.

"இஞ்சருங்கோ, நீங்கள் தேத்தண்ணி போடுங்கோ," என்றாள் மங்கையற்கரசி. பிறகு ஜெயமலரிடம், "அந்தப் பகிடிக்கு அப்பிடி ஓர் அடியோ?" என்று கேட்டாள்.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. அண்ணை கை நீட்டுற ஆளில்லை."

சனிக்கிழமை மங்கையற்கரசியும் இரத்தினவேலும் ஒஷாவாவில் பஸ்ரியன் வீட்டுக்குப் போனார்கள். ஜெயமலர் அண்ணனைப் பார்க்கவென்று போனதிலிருந்து பஸ்ரியன் தனியே இருந்தான். சவரம் செய்யாத முகம், கழுவாத கோப்பைகள்.

"நான் இழுக்கேல்லை அக்கா. விரலை வைச்சபடி மானுக்குப் பின்னால குழலைத் திருப்பினனான். அது தானா வெடிச்சுது. சொன்னா ஒரு நாயும் நம்புதில்லை."

மங்கையற்கரசி தன் குடையை நீட்டினாள். "எப்பிடிப் பிடிச்சனீர் எண்டு காட்டும்."

பஸ்ரியன் குடையைத் தோளில் வைத்தான். சுட்டுவிரல் உடனே மடங்கி இறுகியது.

"இன்னும் மான் வரேல்லையே. விரல் ஏன் இப்பவே மடங்குது?"

"அந்த ரிக்கருக்கு அப்பிடித்தான் அக்கா. முதலே பாதி இழுத்து வைச்சாத்தான் மிச்சத்தை நேரத்துக்கு இழுக்கலாம். வருசக்கணக்காப் பழகின கை."

காரில் ஏறியதும் இரத்தினவேல் தொடையில் தட்டினார். "பாத்தியோ! இழுத்ததை அவனே ஒத்துக்கொண்டான்."

"பாதி இழுத்ததை," என்றாள் மங்கையற்கரசி.

ஸ்ரௌவ்வில்லில் அருள்நாயகம் கட்டுப்போட்ட காலை நீட்டியபடி சோபாவில் இருந்தான். இயந்திரப் பட்டறையில் வேலை செய்பவன். "விபத்துத்தான் அக்கா, விடுங்கோ," என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். சொல்லும்போது தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு படம் ஒட்டியிருந்தது. முதல்நாள் விழுத்திய மானுக்குப் பக்கத்தில் மடியில் துவக்கோடு அருள்நாயகம்.

"அடேயப்பா, என்ன கொம்பு!" என்று இரத்தினவேல் வாய் பிளந்தார். "துவக்கும் நல்ல வடிவு. விசை வெள்ளி மாதிரி மினுங்குது."

மங்கையற்கரசி துவக்கைக் கேட்டாள். அருள்நாயகம் பெருவிரலாலும் நடுவிரலாலும் சாவியைப் பிரித்தெடுத்துக் கொடுத்தான். தேநீர்க் கோப்பையையும் அதே இரண்டு விரல்களால்தான் பிடித்திருந்தான். ஜெயமலர் கீழேயிருந்து துவக்கைக் கொண்டுவந்தாள். குண்டு இல்லையென்று இரண்டு தடவை பார்த்தபிறகு, குழலைச் சுவர்ப்பக்கம் பிடித்து இரத்தினவேல் விசையை இழுத்தார். கறுத்துப்போன அந்த விசை அசைய மறுத்தது. அவர் முகம் சிவந்தபிறகுதான் 'டிக்' என்றது.

"அம்மாடி! இது தற்செயலா இழுபடுறதோ? வழக்கு முடிஞ்சுது, மங்கை!"

மங்கையற்கரசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துவக்கின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். திருகாணிகளின் தலையெல்லாம் துரு. திருப்புளி பிடிக்கும் வெட்டு மட்டும் புதுசாகப் பளபளத்தது.

"ஜெயமலர், உம்மட மனுசனைக் கூப்பிடும். எல்லாரும் இருக்கேக்க சொல்லுறன்."

பஸ்ரியன் வந்து சுவரோரமாக நின்றான். ஜெயமலரின் உடுப்புப் பை அவன் காலடியில் இருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை.

"எல்லாரும் ஒரு விஷயத்தை வைச்சுத்தான் உவரைக் குற்றம் சொல்லுறியள்," என்று தொடங்கினாள் மங்கையற்கரசி. "அந்த ரிக்கர் இறுக்கம், தவறி இழுபடாது. சரி. அண்டைக்குத் துவக்கில இருந்தது இந்த ரிக்கர்தானோ?"

அவள் படத்தை மேசையில் வைத்தாள். பக்கத்தில் துவக்கு. "படத்தில வெள்ளை. இஞ்ச கறுப்பு. இவர்தான் அதை முதலில பாத்துச் சொன்னவர்."

இரத்தினவேல் நெஞ்சை நிமிர்த்தினார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"வேட்டைக்கு முதல் ஆரோ இலேசான ரிக்கர் மாத்தியிருக்கினம். காயத்துக்குப் பிறகு பழையதைத் திரும்பப் பூட்டியிருக்கினம். ஆணி சொல்லுது. புதுசு இருந்ததெண்டு மானில கண்ணா நிண்ட பஸ்ரியனுக்குத் தெரியாது. பழைய பழக்கத்தில பாதி இழுத்தார். இலேசான ரிக்கருக்கு அந்தப் பாதியே கூடிப்போச்சு. குழல் திரும்பிக்கொண்டிருக்கேக்கயே வெடிச்சுது. அருள்நாயகம், நீர் ஒருக்கா இந்த ரிக்கரை இழுத்துப் பாரும். சுட்டுவிரலால."

அருள்நாயகம் துவக்கை வாங்கினான். விரலை வைத்தான். அது மடங்கவேயில்லை. துவக்கை மடியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

"மன்னாரில மீன்வாடியில நிக்கேக்க உடைஞ்ச போத்தல் ஓடு வெட்டினது. விரல் நரம்பு அறுந்துபோச்சு. செக்பொயின்ரில ஆமி கையைத் திருப்பிப் பாப்பான். தழும்பெண்டாலே துவக்குத் தூக்கின இயக்கம் எண்டுவான். சுடுற விரலில தழும்பெண்டா சொல்லவே வேண்டாம். அண்டைக்குப் பொத்தின கை அக்கா. வீட்டிலையும் சொல்லேல்லை. இஞ்ச அகதிக் கேஸில கேட்டிடுவாங்களோ எண்டு பயந்து பொத்தினனான். பேப்பர் எல்லாம் கிடைச்ச பிறகும் பொத்திக்கொண்டுதான் திரியிறன்."

துவக்கு விசையை இழுக்கவே முடியாத விரல். துவக்குப் பிடித்த விரல் என்று பேர் வாங்கிவிடுமோவென்று இத்தனை வருடம் ஒளிந்து வாழ்ந்திருக்கிறது. என்ன கொடுமை இது!

"நடுவிரலால இழுத்து இழுத்துச் சுட்டு ஒரு மானிலையும் படேல்லை. உவன் எல்லாருக்கும் முன்னால விரல் எண்டு கேட்டதும் எனக்குக் கண் மண் தெரியேல்லை. பிறகு ஒருத்தருக்கும் சொல்லாமல் ரிக்கரை மாத்தினன். உவனுக்குச் சொன்னா ஏனெண்டு கேப்பான்... காயம்பட்ட பிறகு பயத்தில பழையதையே திரும்பப் பூட்டிப்போட்டன்."

"மச்சான், நான் பகிடிக்குத்தானேடா கேட்டனான்," என்றான் பஸ்ரியன்.

ஜெயமலர் எழுந்து அண்ணன் முன்னால் போய் நின்றாள். "உங்கட விரலை மறைக்கிறதுக்கு என்ர மனுசனைக் கொலைகாரன் எண்டு பாக்க விட்டியளே!" என்று கத்தினாள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவன் பக்கம் திரும்பினாள்.

பஸ்ரியன்தான் முதலில் பேசினான். "சனம் சொன்னதை விடு. நீ ஒருக்காக்கூட என்னைக் கேக்கேல்லையே, மலர்."

"கேட்டா ஓம் எண்டு சொல்லிப்போடுவியளோ எண்டு பயந்தனான்."

பஸ்ரியன் குனிந்து அவளுடைய உடுப்புப் பையைத் தூக்கினான்.

"சப்பாத்தைப் போடு," என்றான். "வெளியில பனி கொட்டுது."