ஒரு வாளி ஆணி

நெப்ராஸ்காவில், பள்ளிப் பேருந்து போகும் மண் சாலையோரம் ஜெலினெக் வீட்டு மேய்ச்சல் நிலம் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய வரை புல்தான். நடுவில் மட்டும், வழி தவறி வந்தவர் மாதிரி, ஒரே ஒரு லைலாக் புதர். மே மாதம் வந்தால் ஊதா நிறத்தில் பூத்துத் தள்ளும்.

"அங்க ஒரு வீடு இருந்திருக்கு," என்றான் வெண்டல், பேருந்து ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு. "லைலாக் இந்தப் பக்கம் தானா முளைக்காது. யாரோ வாசல்ல நட்டிருக்காங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹேட்டிக்கு அது முன்பே தெரியும். அந்த நிலத்துக்கு அடுத்த வீடு அவளுடையது. வெண்டல் சொன்ன அந்த வீடு, ஜெலினெக் குடும்பத்தார் இந்த ஊருக்கு வந்ததும் கட்டிய முதல் வீடு. எப்போதோ இடிந்து விழுந்துவிட்டது. இப்போது ஒரு நிலவறைப் பள்ளமும் அந்தப் புதரும்தான் மிச்சம். இதை வெண்டலிடம் சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். மாமா தன் பழைய மெட்டல் டிடெக்டரைக் கொடுத்ததிலிருந்து பையனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளி மைதானம், தேவாலய முற்றம், அம்மாவின் பூந்தோட்டம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பூந்தோட்டத்துக்காக வாங்கிய திட்டு தனி.

இருந்தும் சொன்னாள். நினைத்ததுதான் நடந்தது. சனிக்கிழமை காலையில் கருவியும் கையுமாக அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

அடுத்தவர் நிலத்தில் தோண்டுவதற்கு முன்னால் அவரிடம் கேட்க வேண்டும். சில வருஷமாக மிஸஸ் ஜெலினெக்கிடம் கேட்கப் போனவர்கள் எல்லாரும் வந்த வழியே திரும்பினார்கள் என்று ஊரில் பேச்சு. அதனால் வெண்டல் ஹேட்டியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டான். அவளைவிட அவன் ஒரு சாண் உயரம். அது அவனுக்கு உறைக்கவில்லை.

மிஸஸ் ஜெலினெக் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஹேட்டி கேட்டதும் குழாயை மூடினார்.

"முன்னாடி ரெண்டு பேர் இதே மாதிரி கருவியோட வந்தாங்க," என்றார். "பழைய காசு கிடைச்சுது, சந்தோஷமாப் போயிட்டாங்க. வேணாம்னு போட்ட ஆணியும் கம்பியும் புல்லுல கிடந்துச்சு. ஜூன் தின்னுட்டா."

ஜூன் அவருடைய பசு. மாடு புல்லை ஆராய்ந்து பார்த்துத் தின்னாது. நாக்கால் வளைத்துப் பிடுங்கி அப்படியே உள்ளே தள்ளிவிடும். புல்லோடு போன கம்பி வயிற்றில் குத்தி, பாவம், ஜூன் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

ஓர் ஆணிகூட மேலே விட மாட்டோம் என்றாள் ஹேட்டி.

"யாரு பொறுப்பு?"

வெண்டல் தன் காலணியைப் பார்த்தான்.

"நான்," என்றாள் ஹேட்டி.

வேறு யாராவது சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் போன வருஷம் தாயில்லாமல் போன ஜெலினெக் வீட்டுக் கன்றுக்குட்டி ஒன்றுக்கு, பேருந்து வருவதற்கு முன்னால் தினமும் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள் இவள். வகுப்பில் பால் வாடை அடிக்கிறது என்று பிள்ளைகள் மூக்கைப் பிடித்தபோதும் நிறுத்தவில்லை. அந்தக் கன்றுதான் மொலாசஸ். இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது. ஆனாலும் ஹேட்டியைப் பார்த்தால் புட்டி எங்கே என்று வேலியோரம் வந்து நிற்கும்.

கடைசியில் மிஸஸ் ஜெலினெக் ஒரு தகர வாளியை எடுத்துக் கொடுத்தார். கூடவே, விரல் நீளத்துக்கு உருளையான ஒரு காந்தத்தையும் கொடுத்தார். ஜூன் போன பிறகு ஒவ்வொரு மாட்டுக்கும் இப்படி ஒன்றை விழுங்க வைத்தாராம். வயிற்றிலேயே ஆயுசுக்கும் கிடந்து, உள்ளே போகும் இரும்பை அது பிடித்து வைத்துக்கொள்ளுமாம். வெண்டல் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"இளசுங்களுக்கு இன்னும் போடலை. மொலாசஸுக்கும்தான். மாட்டு டாக்டர் அடுத்த மாசம் வரார்," என்றார் மிஸஸ் ஜெலினெக். "சாயங்காலம் கேட்டைத் திறந்து எல்லாத்தையும் உள்ள விடப் போறேன். அதுக்குள்ள தரை சுத்தமா இருக்கணும்."

பழைய வீடு இருந்த இடம் என்றால் தங்கமும் வெள்ளியும் கொட்டிக் கிடக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை தோண்டிப் பார்க்க வேண்டும். கிடப்பது ஆணி. வெண்டல் கருவியை இயக்கி முதல் அடி வைத்ததுமே அது கத்த ஆரம்பித்தது. இரண்டாவது அடிக்கும் கத்தியது. கூரை ஆணி, பலகை ஆணி, குதிரை லாட ஆணி என்று வந்துகொண்டே இருந்தது.

ஹேட்டியின் வேலை புல்லைப் பார்த்துக்கொள்வது. புல்தரையை மூடி மாதிரி வெட்டித் திறப்பாள். வெண்டல் தோண்டி எடுத்ததும் மண்ணை நிரப்பி, மூடியைப் பழையபடி பொருத்தி மிதித்துவிடுவாள். இங்கே ஒரு குழி இருந்தது என்று சொன்னால்கூட யாரும் நம்ப மாட்டார்கள். அவ்வளவு சுத்தம். ஆனால் அதனால் அவள் எப்போதும் வெண்டலுக்கு ஒரு குழி பின்தங்கியே இருந்தாள்.

வெயில் ஏறியதும் வெண்டலுக்குப் பொறுமை போய்விட்டது. கருவியில் ஒரு குமிழ் இருந்தது. அதை ஒரு பக்கம் திருப்பினால் இரும்பைக் கண்டுகொள்ளாது. வெள்ளி, செம்பு, பித்தளைக்கு மட்டும் வாயைத் திறக்கும். புதையல் தேடுகிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். அவனும் திருப்பினான்.

"இப்ப இது இரும்புக்குச் செவிடு," என்றான் பெருமையாக.

அதற்கப்புறம் வேலை சுகமாக நடந்தது. வளைந்த கரண்டி ஒன்று வந்தது. தோல் வாரின் கொக்கி ஒன்று வந்தது. மிஸஸ் ஜெலினெக் கொடுத்தனுப்பிய, நடுவில் பிளம்ஸ் ஜாம் வைத்த கொலாச்சி ரொட்டியைத் தின்றுவிட்டு மறுபடி தேடியபோது, நிலவறைப் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு பித்தளை மணி கிடைத்தது. பனிக்காலத்தில் குதிரைக் கழுத்தில் கட்டுகிற உருண்டை மணி. வெண்டல் மண்ணைத் தட்டிவிட்டு ஆட்டிப் பார்த்தான். அத்தனை வருஷம் மண்ணுக்குள் கிடந்தது, நேற்று வாங்கியது மாதிரி ஒலித்தது. இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஆட்டிக்கொண்டே இருந்தார்கள்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். ஹேட்டி வாளியைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். வாளி பஞ்சு மாதிரி இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், ஏதோ பேருக்கு ஒரு கைப்பிடி ஆணி.

"காலைல எடுத்ததெல்லாம் எங்கடா?"

வெண்டல் மணியைத் துடைக்க ஆரம்பித்தான். வாளி தூரத்தில் இருந்ததாம். ஒவ்வோர் ஆணிக்கும் எழுந்து நடக்க முடியுமா என்றான். கொஞ்ச நேரத்துக்கு மட்டும் பின்னால் தூக்கிப் போட்டானாம், லைலாக் புதர்ப் பக்கம்.

"புல்லு இவ்ளோ உயரம் இருக்கு. யாரு பார்க்கப் போறா?"

"மொலாசஸ் பார்க்காது. அப்படியே தின்னுடும்," என்றாள் ஹேட்டி.

வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் ஏற்கனவே கேட் அருகே கூடிவிட்டன. முன்வரிசையில் மொலாசஸ் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. சாலையில் மிஸஸ் ஜெலினெக்கின் பிக்கப் வண்டி தூசி கிளப்பிக்கொண்டு வந்தது.

ஒன்றும் சொல்லாதே, கண்ணில் பட்டதைப் பொறுக்கிக்கொண்டு போய்விடலாம் என்றான் வெண்டல். சொன்னால் இனி ஜென்மத்துக்கும் உள்ளே விட மாட்டார் என்றான். அது உண்மைதான். ஹேட்டிக்கும் அந்த இடம் பிடித்திருந்தது. ஆனாலும் அவள் கேட்டுக்கு ஓடினாள்.

"இப்பத் திறக்காதீங்க," என்றாள் மூச்சு வாங்க. "ஆணியெல்லாம் புல்லுல கிடக்குது. நான் சரியாப் பார்க்கலை."

மிஸஸ் ஜெலினெக்கின் கை கேட் சங்கிலியில் இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவ இல்ல. நான்தான் போட்டேன்," என்றான் வெண்டல். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

மிஸஸ் ஜெலினெக் சங்கிலியிலிருந்து கையை எடுத்தார். இருட்டுவதற்குள் பொறுக்கினால் சரி, இல்லையென்றால் மாடுகள் இன்றைக்கும் வைக்கோல்தான் தின்ன வேண்டும் என்று சொல்லிவிட்டு வண்டி மேல் சாய்ந்து நின்றார். மாடுகள் அதைக் கேட்டது போலக் கத்தின.

இரண்டு பேரும் முழங்காலிட்டுத் தடவினார்கள். துருப்பிடித்த ஆணியும் காய்ந்த புல்தண்டும் ஒரே நிறம். ஒன்று கிடைத்தால் ஒன்பது ஏமாற்றியது. வெண்டல் கருவியை எடுத்துப் புல் மேல் வீசிப் பார்த்தான். சத்தமே இல்லை.

"ஒண்ணுமே இல்ல. எல்லாம் எடுத்தாச்சு போல," என்றான், கொஞ்சம் நிம்மதியாக.

ஹேட்டியும் ஒரு நொடி நம்பினாள். பிறகு அவள் முழங்காலில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் ஆணி. கருவி அதற்கு மேலேதான் இப்போது போய்விட்டு வந்தது.

"நீதான இதச் செவிடாக்கின?" என்றாள்.

வெண்டல் குமிழைப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டு அதை மறுபக்கம் கடைசி வரை திருப்பினான். அவ்வளவுதான், கருவி அலற ஆரம்பித்தது. காலையில் அலுத்துப்போன சத்தத்தை இப்போது இரண்டு பேரும் தேடித் தேடிக் கேட்டார்கள். கருவி கத்தும் இடத்தில் வெண்டல் நிற்பான். ஹேட்டி தன் தலைமுடி நாடாவில் காந்தத்தைக் கட்டிப் புல்லுக்குள் இழுப்பாள். ஆணிகள் ஓடி வந்து ஒட்டிக்கொண்டன. இவர்கள் போட்டது மட்டுமல்ல, அந்த இரண்டு பேர் விட்டுப்போன கம்பித் துண்டுகளும் வந்தன. வாளி கனத்தது.

புதரின் அடிக்குப் போனதும் கருவி இதுவரை கத்தாத கத்தல் கத்தியது. வேர்களுக்கு நடுவே ஒரு கம்பியின் முனை விரல்கடை அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஏதோ பழைய அடுப்புக் கம்பி, மண்ணுக்குள் இருப்பதை மாடு தின்னாது, விடு என்றான் வெண்டல்.

"கால்ல குத்துமே," என்றாள் ஹேட்டி.

இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து இழுத்தார்கள். வரவில்லை. வேரை ஒதுக்கிச் சுற்றிலும் தோண்டி மறுபடி இழுத்தார்கள். அது விட்டுக் கொடுத்தபோது இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். ஹேட்டியின் கை நீளத்துக்கு ஓர் இரும்புக் கோல். முனையில் திரும்பிய கொக்கி மாதிரி ஏதோ ஒன்று, அதை ஒட்டி ஒரு வளைவு.

மீன் பிடிக்கிறதா, இவ்வளவு பெரிய மீனா என்று வெண்டல் யோசித்தான். ஹேட்டி முனையைத் தோண்டிய ஈர மண்ணில் அழுத்தி எடுத்தாள். மண்ணில் பதிந்தபோது கொக்கி இடம் வலம் மாறி ஓர் எழுத்தாகிவிட்டது. ஆங்கில எழுத்து ‘ஜே’. அதன் கீழே தொட்டிலின் அடி மாதிரி ஒரு வளைவு.

அவள் கேட்டைப் பார்த்தாள். அங்கே நின்ற மொலாசஸின் இடுப்பிலும் அதே ‘ஜே’, அதே வளைவு. ஜெலினெக் வீட்டு மாடுகள் எல்லாவற்றுக்கும் சூடு போட்டு வைக்கிற அடையாளம்.

கோலைக் கையில் வாங்கியதும் மிஸஸ் ஜெலினெக் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுதான் எங்க வீட்டு மொதல் சூட்டுக்கோல்," என்றார். "எங்க அப்பா இளவட்டமா இருந்தப்ப தொலைஞ்சுது. லாட் சித்தப்பாதான் தொலைச்சார்னு அப்பா சொல்வார். அப்பாதான் தொலைச்சார்னு சித்தப்பா சொல்வார். கிறிஸ்துமஸ் விருந்துலகூட இதே சண்டை."

அப்பா இப்போது இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் மிஸஸ் ஜெலினெக் அவர் பெயரையே வைத்துக்கொண்டிருந்தார். லாட் சித்தப்பா டவுனில் இருக்கிறார். மிஸஸ் ஜெலினெக் போனை எடுத்து அவரைக் கூப்பிட்டு, சூட்டுக்கோல் கிடைத்துவிட்டது, லைலாக் அடியில் இருந்தது என்றார்.

சித்தப்பாவின் குரல் ஹேட்டிக்கே கேட்டது.

"அடக் கடவுளே. பூப் பறிக்கக் கீழ வெச்சேன். எமிலிக்குக் குடுக்கறதுக்கு."

எமிலி என்பது சித்தியின் பெயர். மிஸஸ் ஜெலினெக் சிரித்த சிரிப்பில் மாடுகள் மிரண்டு பின்வாங்கின. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பா இருந்திருக்கணும்," என்று மட்டும் சொன்னார். அவர் எவ்வளவு ஏங்குகிறார் என்பது ஹேட்டிக்குப் புரிந்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கருவி ஒரு தடவை அந்த இடம் முழுவதும் போய்விட்டு வந்தது. அது கத்திய இடத்திலெல்லாம் காந்தத்தை இழுத்துப் பார்த்தும் எதுவும் ஒட்டவில்லை; மிச்ச இரும்பெல்லாம் மண்ணுக்குள்தான். இந்தத் தடவை அது செவிடில்லை என்பதை ஹேட்டி குமிழைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அப்புறம்தான் கேட் திறந்தது. மொலாசஸ் புல்லைக்கூடப் பார்க்காமல் நேராக அவளிடம் வந்து சட்டைப் பையை முகர்ந்தது.

மணியை வெண்டலே வைத்துக்கொள்ளலாம் என்றார் மிஸஸ் ஜெலினெக். அடுத்த சனிக்கிழமை காற்றாலைப் பக்கம் தோண்டலாம் என்றும் சொன்னார்.

"வாளி மட்டும் பக்கத்துலயே இருக்கணும்," என்றார் வெண்டலைப் பார்த்து.

அடுத்த சனிக்கிழமை வெண்டல் வாளியைக் கயிற்றால் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு வந்தான். நடக்க நடக்க அது முழங்காலில் இடித்துக் கடகடத்தது. வாளிச் சத்தம் கேட்டால் தீவனம் வருகிறது என்றுதான் அந்த மாடுகளுக்குக் கணக்கு. அன்று முழுவதும் அவன் எந்தப் பக்கம் போனாலும் ஜெலினெக் வீட்டு மந்தை மொத்தமும் அவன் பின்னாலேயே போனது.