பட்டாணியின் தூக்கத்தைத் திருடியவர்

காலை ஐந்து ஐம்பது. டெப்போ வாசலின் தூணில் இடித்து, பஸ்ஸின் இடது பக்கக் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. உள்ளே பயணிகள் யாரும் இல்லை. யாருக்கும் காயமில்லை. ஓட்டிய பெண்ணுக்கு ஒன்பது வருட அனுபவம்; அதுவரை அவள் வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. என்ன நடந்தது என்று மேலாளர் கேட்டபோது அவள் பொய் சொல்லவில்லை. ஒரு நொடி கண் சொருகிவிட்டது என்றாள்.

மேலாளர் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதாலேயே அவரால் அதை அப்படியே விட முடியவில்லை. அவள் வண்டியில் தினமும் பள்ளிப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். இரண்டு வாரம் டிக்கெட் கவுண்டரில் உட்காரட்டும், அதன்பின் பரிசோதகர் ஒருவர் கூடவே வந்து பார்ப்பார், அன்றும் கண் சொருகினால் நிரந்தரமாகக் கவுண்டர்தான் என்று சொல்லிவிட்டார்.

கண் ஏன் சொருகியது என்பதில் மர்மம் ஏதுமில்லை. அவள் மகனுக்கு இரண்டு வயது நிறைய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. உருண்டையான தலைக்காக வீட்டில் வைத்த பெயர் பட்டாணி. நான்கு மாதமாக ஒவ்வொரு நாளும் நடுநிசி தாண்டியதும் வீடு தீப்பற்றிக்கொண்டதுபோல் அலறி எழுகிறான். விடிவதற்குள் இன்னொரு முறையும் எழுகிறான். ஏன் எழுகிறான் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் பட்டாணியின் அத்தை வந்து சேர்ந்தார். காவல்துறையில் திருட்டுப் பிரிவு சப் இன்ஸ்பெக்டர். ஒருவனைத் துரத்திச் சுவரேறிக் குதித்ததில் கணுக்கால் பிசகி, பதினைந்து நாள் விடுப்பு. (அவன் பிடிபட்டான் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் அவர் இந்தக் கதையை முடிப்பதில்லை.) ஓய்வெடுக்கத் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். ஓய்வெடுக்க உலகத்தில் வேறு வீடே கிடைக்கவில்லையா என்று தம்பி மனைவி கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் கண்ணுக்குக் கீழே இரண்டு கருவளையங்கள் இருந்தன.

ஹாலில் இருந்த சோபா அத்தைக்கு ஒதுக்கப்பட்டது. அங்கிருந்தபடியே முதல் நாள் மாலை அவர் எல்லாவற்றையும் பார்த்தார்.

தம்பி, வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் நிறுவனத்தில் வேலை செய்கிறான். கண்ணாடி அலமாரியோ பியானோவோ என்றால் முதலாளி அவனைத்தான் அனுப்புவார். சாப்பிட்டு முடித்ததும் பட்டாணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலின் மூலையில் இருந்த மீன்தொட்டி முன் நின்றான். தொட்டிக்குள் நீல விளக்கு எரிந்தது. மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மூன்று ஆரஞ்சு மீன்கள் போய் வந்தன. கால்மணி நேரத்தில் பட்டாணியின் கை துவண்டு தொங்கியது. தம்பி செருப்பைக் கழற்றினான். முழங்காலை லேசாக மடக்கி, ஒரு கை கழுத்துக்கு, ஒரு கை இடுப்புக்குக் கொடுத்து, தரை அதிராமல் உள்ளறைக்குப் போனான். கம்பி வைத்த குட்டிக் கட்டிலில் முதலில் முதுகு, பிறகு தலை. கடைசியில் விரல் விரலாகக் கையை உருவினான். திரும்பி வந்து நீல விளக்கையும் மோட்டாரையும் நிறுத்தினான்.

"இப்படித் தூக்கிட்டுப் போறப்ப ஒரு நாள்கூட முழிச்சதில்ல அக்கா," என்றான். "தொழில்ல நான் ஏத்தி இறக்கினதுலயே இதுதான் ரொம்பப் பத்திரமான சரக்கு."

அத்தை மனமாரப் பாராட்டினார்.

இரவு இரண்டு இருபது. உள்ளறையிலிருந்து அலறல் வந்தது. அத்தை நொண்டியபடி போய் எட்டிப் பார்த்தார். பட்டாணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். இருட்டில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினான். "மீனு, மீனு" என்று விக்கி விக்கி அழுதான். மீன் கனவில் வந்து பயமுறுத்துகிறது, தொட்டியை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்றான் தம்பி. மேல்மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மனைவி கூரையைப் பார்த்தாள்.

"கேட்டுச்சா அண்ணி? மேல்மாடி ஆளுதான் தினம் இவனை எழுப்புறது. நாளைக்கு வீட்டு ஓனர்கிட்ட சொல்லப் போறேன். அவர் காலி பண்ணணும், இல்ல நாங்க பண்ணணும்."

தம்பி மறுபடி பிள்ளையைத் தோளில் போட்டு, நீல விளக்கைப் போட்டு, தூங்கவைத்து, பத்திரமாகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தான். நான்கு மணிக்கு அதே அலறல் மறுபடியும் கேட்டது.

காலையில் விசாரணை ஆரம்பமாயிற்று. ஓனரிடம் போவதற்கு முன் தனக்கு மூன்று நாள் வேண்டும் என்று அத்தை கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு சந்தேகத்துக்குரியவற்றை ஒவ்வொன்றாகக் கழித்தார். பல்லா? டாக்டர் போன வாரம்தான் பார்த்தார். புதுப் பல் எதுவும் முளைக்கவில்லை. பசியா? அழும்போது பால் கொடுத்தால் தட்டிவிடுகிறான். கொசுவா? வலை இருக்கிறது. பஸ்காரி மட்டும் தன் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. அவளிடம் ஆதாரம் இருந்தது. போன வியாழக்கிழமை மேல்மாடிக்காரர் வீட்டில் இல்லை. நான்கு மாதத்தில் அன்று ஒரு நாள்தான் பட்டாணி விடியும்வரை தூங்கினான்.

அன்று வீட்டில் யார் யார் இருந்தீர்கள் என்று அத்தை கேட்டார்.

"நானும் அவனும்தான். இவரும் சாமான் ஏத்திக்கிட்டு வெளியூர் போயிட்டாரு. எனக்கா, தோள்ல போட்டுக்கிட்டு நடக்கத் தெம்பே இல்ல. அவனைக் கட்டில்ல விட்டுட்டு நான் பக்கத்துல தரையில சாஞ்சேன். கம்பி வழியா என் மூக்கைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தான். யார் முதல்ல தூங்குனோம்னு கேட்டீங்கன்னா தெரியாது."

அத்தை தலையாட்டிவிட்டு மாடிப்படி ஏறினார். ஒவ்வொரு படியிலும் கணுக்கால் திட்டியது.

மேல்மாடிக்காரர் அச்சகத்தில் மாலைப் பணி பார்ப்பவர். கதவைத் திறந்தபோது அவர் கண்களும் சிவந்துதான் இருந்தன. எத்தனை மணிக்கு வீடு திரும்பினார் என்று கேட்டதற்கு, பன்னிரண்டரைக்கே வந்து படுத்துவிட்டதாகச் சொன்னார்.

"அப்ப இரண்டரைக்கு நாற்காலியை இழுத்தது?"

"நான்தான் மேடம். பாப்பா அழுதா எனக்குத் தூக்கம் போயிடும். எழுந்து உக்காந்து அது அடங்குறவரைக்கும் காத்துக்கிட்டிருப்பேன்." கொஞ்சம் தயங்கினார். "பாப்பாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? கேக்கலாம்னு ரொம்ப நாளா நெனப்பு. அவங்கம்மா பாக்குற பார்வைல பயந்து கீழேயே வர்றதில்ல."

அத்தைக்கும் அது நினைவிருந்தது. முதலில் அலறல், பிறகுதான் நாற்காலி. மேல்மாடிக்காரர் திருடரல்ல. திருட்டில் பொருள் இழந்த இன்னொருவர்.

அன்று நண்பகல் அத்தை ஆட்டோ பிடித்துக் குழந்தைகள் காப்பகத்துக்குப் போனார். பகலில் பட்டாணி இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்குகிறான் என்று அங்கிருந்த டீச்சர் சொல்லியிருந்தார். அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அத்தைக்குத் தோன்றியது. பன்னிரண்டு பிள்ளைகளை விழித்திருக்கும்போதே ஆளுக்கொரு பாயில் விட்டார்கள். தோளில் போட்டு நடக்க அங்கே அத்தனை தோள் இல்லை. பட்டாணி புரண்டான், காலைத் தூக்கினான், கூரையில் ஒட்டியிருந்த காகித நட்சத்திரங்களைப் பார்த்தான், தூங்கிப்போனான். அத்தை ஓரமாக உட்கார்ந்து காத்திருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து அவன் கண் திறந்தது. அத்தை நிமிர்ந்தார். பட்டாணி நட்சத்திரங்களைப் பார்த்தான். கண்ணை மூடினான். அவ்வளவுதான்.

அந்த டீச்சருக்கு இதில் பார்க்க ஒன்றுமில்லை. அத்தை மட்டும் நொண்டலை மறந்து எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேல்மாடிக்காரரையும் டீ குடிக்க அழைத்தார்கள். பஸ்காரி டீயை அவர் முன்னால் வைத்தாள், முகத்தைப் பார்க்காமல். தம்பி சோபாவில் சாய்ந்து, கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்த டிவிக்கு முன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பேச்சுச் சத்தமோ, ஸ்பூன் சத்தமோ, அடுத்த வீட்டுத் துளைபோடும் இயந்திரமோ அவனை அசைக்கவில்லை. அத்தை ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினார்.

தம்பி திடுக்கென்று எழுந்தான். "ஏன் நிறுத்துன? பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

மேல்மாடிக்காரர் டீயோடு சேர்த்துச் சிரிப்பையும் விழுங்கினார்.

"குற்றவாளி முழிச்சாச்சு," என்றார் அத்தை. "ஆரம்பிக்கலாம்."

முதலில் தானும் இதைத் திருட்டு வழக்கென்றுதான் நினைத்ததாகச் சொன்னார். யாரோ வெளியிலிருந்து வந்து தூக்கத்தைக் கொண்டுபோகிறார்கள், அது யார் என்று கண்டுபிடித்தால் போதும் என்று. ஆனால் எவரும் எதையும் கொண்டுவந்து பட்டாணியை எழுப்பவில்லை. தூக்கத்தில் எல்லோருக்கும் நடுநடுவே விழிப்புத் தட்டும், பெரியவர்களுக்கும்தான். தலையணை தலையணையாகவே இருந்தால் காலையில் அது ஞாபகம்கூட இருக்காது. காப்பகத்தில் அவன் விழித்தபோது நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. தூங்கிப்போனான்.

"இங்க?" என்று தம்பியைப் பார்த்தார். "அப்பா தோள்ல, நீல வெளிச்சத்துல, மீனப் பாத்துக்கிட்டே கண்ண மூடுறான். திறந்து பாத்தா இருட்டு. அப்பா இல்ல. மீன் இல்ல. தான் எப்படி அங்க வந்தோம்னே தெரியல. கத்தாம என்ன செய்வான்? இது திருட்டு இல்லடா. ஆள் கடத்தல். தினம் ராத்திரி இந்த வீட்டுல ஒரு ஆள் கடத்தல் நடக்குது."

தம்பி மூலையைத் திரும்பிப் பார்த்தான். மீன்தொட்டி குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

மீன் என்று அவன் அழுதது பயத்தால் அல்ல, காணாமல்போன பொருளின் பெயரைச் சொல்லிப் புகார் கொடுத்திருக்கிறான் என்றார் அத்தை. வியாழக்கிழமை வீட்டில் இல்லாதவர்கள் இரண்டு பேர். எல்லோரும் மாடியைப் பார்த்ததில், சாமான் ஏற்றிப்போன இன்னொருவரை மறந்துவிட்டார்கள். அன்று கடத்த ஆளில்லை. விழித்தபடியே கட்டிலில் கிடந்து, அதே கம்பியையும் அம்மாவின் மூக்கையும் பார்த்துத் தூங்கினான். நடுவில் விழித்தபோதும் கட்டிலும் கம்பியும் மூக்கும் அப்படியே இருந்தன.

தம்பி தன் கைகளைப் பார்த்தான். "ஆனா தூக்கிட்டுப் போறப்ப அவன் முழிச்சதே இல்லையே அக்கா."

"அதுதான்டா விஷயம். வேற அப்பாவா இருந்தா பாதி வழியில தடுமாறியிருப்பான். பிள்ளையும் முழிச்சு, எங்க போறோம்னு பாத்துருக்கும். உன் கை சுத்தம். ஒரு தடயமும் விடல."

"அப்ப நான் தூக்கவே கூடாதா?"

கேட்ட குரலில் இருந்தது விளையாட்டல்ல. அத்தையின் குரலும் தணிந்தது. "யாரு சொன்னா? தூக்கு, கொஞ்சு, மீன் காட்டு. கண் சொக்குறதுக்கு முன்னாடி கட்டில்ல விடு. எங்க படுத்திருக்கோம்னு அவன் கண்ணால பாக்கட்டும். நீ பக்கத்துல உக்காரு."

பஸ்காரி எழுந்து, மேல்மாடிக்காரரின் கோப்பையில் கேட்காமலே இன்னொரு முறை டீ ஊற்றினாள். "மன்னிச்சுக்கங்க சார்," என்றாள். இந்த முறை முகத்தைப் பார்த்து.

அன்று மாலை பட்டாணி மீன்களுக்கு டாட்டா சொன்னான். நீல விளக்கின் சுவிட்சைத் தன் விரலாலேயே அணைத்தான்; அது அவனுக்கு மிகவும் பிடித்துப்போய் ஐந்து முறை போட்டுப் போட்டு அணைத்தான். கட்டிலில் விட்டதும் எழுந்து நின்று அழுதான். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தான். தூக்கவில்லை. வாழ்நாள் முழுக்கத் தூக்கியே சம்பாதித்தவனுக்கு, தூக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் அதுவரை செய்த வேலையிலேயே கனமானதாக இருந்தது. அழுகை முனகலாகி, முனகல் பேச்சாகி, பேச்சு நின்றது.

அன்று இரவும் இரண்டு முறை எழுந்தான். மீன்தொட்டிக்குப் போகவில்லை, முதுகில் கைதான். அடுத்தடுத்த நாட்களில் அழுகை குறைந்தது. ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து கம்பியோடு ஏதோ பேசிவிட்டுச் சாய்ந்துகொண்டான். இனி எழவே மாட்டான் என்று யாரும் நம்பிவிட வேண்டாம், காய்ச்சலும் பல்லும் வரத்தான் செய்யும், அப்போதும் இதே இடம், இதே கை என்று அத்தை எச்சரித்துவைத்தார்.

விடுப்பு முடிய இரண்டு நாள் இருக்கையில், விடிந்தும் விடியாமலும் யாரோ கதவை அவசரமாகத் தட்டினார்கள். அத்தை திறந்தார். மேல்மாடிக்காரர் வெளிறிப்போய் நின்றார்.

"என்ன ஆச்சு மேடம்? ராத்திரி பூரா சத்தமே இல்ல. பாப்பா நல்லாத்தானே இருக்கு?"

அத்தை உதட்டில் விரல் வைத்து உள்ளறையைக் காட்டினார். பட்டாணி குப்புறக் கிடந்தான். தரையில் தம்பி. பெரிய கட்டிலில் பஸ்காரி. மூன்று பேருடைய மூச்சும் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. மேல்மாடிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் பங்குத் தூக்கத்தை வாங்கிக்கொள்ள மாடிக்குத் திரும்பினார்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஐந்து ஐம்பது. பரிசோதகர் முன் இருக்கையில் உட்கார்ந்து அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. புதுக் கண்ணாடியைப் பார்த்தாள், தூணில் வெள்ளையாகத் தெரிந்த பழைய காயத்தைப் பார்த்தாள், ஸ்டியரிங்கை மெல்ல ஒடித்தாள். கண்ணாடிக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி விட்டு, பஸ் சாலையில் இறங்கியது.