தலையில இருந்த வரி

ஒரே ஒரு சிவப்பு வரி உங்களைப் பொழுதன்னைக்கும் நாற்காலியில கட்டிப் போட்டிருக்கா? அவனைக் கட்டிப் போட்டிருந்துச்சு.

யார் யாரோ எழுதி இலவசமா இணையத்துல விட்ட புரோகிராம் கோடு, தன் கம்பெனி சாஃப்ட்வேர்ல எங்கெல்லாம் இருக்குன்னு ஸ்கேன் பண்ணணும். எழுதினவங்க போட்ட நிபந்தனைப்படி நடந்திருக்கான்னு பாக்கணும். அதான் அவன் வேலை. அன்னைக்குச் சாயங்காலம் எல்லா ஃபைலும் பச்சை. ஒண்ணு மட்டும் சிவப்பு. அதோட தலையில, முதல் வரியிலயே, எழுதினவர் தன் பேரைப் போட்டு, பக்கத்துலயே சொல்லியிருந்தார்: எப்படி வேணா பயன்படுத்திக்கோங்க, என் பேரை மட்டும் எடுத்துடாதீங்க.

"அவர் பேரை நம்ம சாஃப்ட்வேரோட நன்றிப் பக்கத்துல சேத்தா முடிஞ்சுதுங்க"ன்னான் டீம் லீடுகிட்ட.

"வக்கீல் பாத்து ஓகே சொல்ல ஒரு வாரம் ஆகும். நாளைக்கு ரிலீஸ். பச்சையாக்கிட்டுக் கெளம்பு, மாப்ள. இல்லைன்னா இங்கயே பாயை விரிச்சுக்கோ." லீடு பையை மாட்டிக்கிட்டுப் போயிட்டார்.

ஆஸ்பத்திரியில இருந்து மனைவி கூப்பிட்டா. "பாப்பாவுக்கு உங்க மூக்குதான், பாவம். பிறப்புச் சான்றிதழுக்கு அப்பா பேர் கேக்கறாங்க. நானே சொல்லிடவா?"

"இரும்மா. நான் வந்து என் கையால எழுதறேன்."

பொறந்து ரெண்டு நாளாச்சு, இன்னும் மூஞ்சியப் பாக்கல. எரிச்சல் மண்டைக்கு ஏறிடுச்சு. அந்தப் பேர் இருந்த வரியை அப்படியே அழிச்சான். ஸ்கேன் ஓட்டினான். பச்சை.

சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு எந்திரிச்சப்போ, சூடான கம்ப்யூட்டர் வாசனைக்கும் ஏசியோட முனகலுக்கும் நடுவுல, கடைசி வரிசை இருட்டுல யாரோ கீபோர்டுல ஒரே ஒரு பட்டனை நிதானமா, அவசரமே இல்லாம, திரும்பத் திரும்பத் தட்டற சத்தம் கேட்டுச்சு. டக். டக். டக். போய்ப் பாத்தான். எல்லாம் காலி நாற்காலி.

வாசக் கதவுல அடையாள அட்டையை வச்சான். பச்சையும் எரியல, சிவப்பும் எரியல. அட்டையைத் திருப்பினான். பேர் இருந்த இடம் வெள்ளையா இருந்துச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செக்யூரிட்டி அண்ணன் டார்ச்சோட வந்தார். தினமும் "என்ன தம்பி, வீடு வாசல் இல்லையா"ன்னு கிண்டலடிக்கறவர். அவன் கதவைத் தட்டினான். டார்ச் வெளிச்சம் அவன் மேல பட்டு, பின்னால சுவத்துலயும் பட்டுச்சு. சுவத்துல அவன் நிழல் இல்ல.

அவர் போயிட்டார்.

டக். டக்.

ஓடினான். அந்த வரியைத் திரும்பப் போட்டுடணும். என்ன பேர் அது? வரல. பழைய ஃபைலைத் தொறக்கத் தன் பாஸ்வேர்டை அடிச்சான். 'இப்படி ஒருத்தர் இங்க இல்லை'ன்னுச்சு திரை. மறுபடி அடிச்சான். இல்லை. மறுபடி. இல்லை.

மனைவிக்குப் போன் போட்டான்.

"யாருங்க?"

"நான்தாம்மா."

"நான்னா?"

பேரைச் சொல்ல வாயைத் தொறந்தான். நாக்கு மேல ஒண்ணும் இல்ல.

"தப்பான நம்பர்ங்க"ன்னா அவ, மரியாதையா. பின்னால குழந்தை அழுதுச்சு. யாரோ ஒருத்தி கேட்டா, "அப்பா பேரும்மா?"

"அந்த இடத்தை விட்டுடுங்க, சிஸ்டர்."

டக்.

மறுநாள் காலையில லீடு வந்தார். ஸ்கேன் பச்சையா இருக்கறதைப் பாத்தார். காபியை மேஜையில வச்சிட்டு, நாற்காலியை இழுத்து, அவன் மடி மேலயே உக்காந்தார்.

"காலி சீட்டு, என்ன இவ்ளோ சூடா இருக்கு"ன்னார்.