சர்பத்தும் சிவப்புத் துண்டும்

1998, ஆடி வெள்ளி, காலை 8.15. ஒத்தக்கடை உடற்கல்விக் கல்லூரி மைதானத்தில் கோகுல்நாத்தின் வேகம் களவு போயிருந்தது.

போன வாரம் நூறு மீட்டரை 11.1 செகண்டில் ஓடியவன் இன்று 11.4. அவன் மட்டுமல்ல, ஆரிப்பின் நன்னாரி சர்பத்தைக் குடித்து ஓடிய ஆறு பேருமே பின்தங்கிவிட்டார்கள். வெறும் தண்ணீர் குடித்து, அவர்களுக்கு முன்னால் ஓடிய ஆறு பேருக்கு ஒரு குறையுமில்லை. சர்பத் வேகத்தைக் கூட்டுமா என்பதுதான் ஆரிப்பின் புராஜெக்ட்.

முடிவுக் கோட்டில் வாட்ச் பிடித்திருந்த நாகசுப்பிரமணியன் சார், "எதையோ கலந்திருக்கான்" என்றார். மத்தியானத்துக்குள் ஆரிப் கல்லூரியை விட்டே போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அவர்கள் வகுப்புத் தோழி தேவிகா. எந்த ஓட்டத்திலும் கடைசி. அதில் ஒரு வசதி: முன்னால் நடப்பதெல்லாம் தெரியும். மிச்ச சர்பத்தைச் சாட்சிப் பொருள் என்று பத்திரப்படுத்தினாள். வெயில் தாங்காமல் குடித்தும் விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அவளிடம் குறைவதற்கு வேகம் ஏது என்றான் கோகுல்நாத். நியாயம்தான்.

ஆனால் ஒன்று உறுத்தியது. குண்டன், ஒல்லி எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு நேரம் கூடியிருந்தது. "கலப்படம் இம்புட்டு நேர்மையா பங்கு வைக்குமாடா?" என்று கத்தினாள். பக்கத்து மாரியம்மன் கோயில் குழாய் ரேடியோவுக்கு மேல் கத்தினால்தான் கேட்கும்.

கத்தியவள் சட்டென்று நின்றாள். ஓட்டத்தைத் தொடங்கிவைத்த மொக்கைச்சாமியைப் பிடித்தாள்.

"போன வாரம் எப்படிடா ஓட விட்ட?"

"விசில் ஊதி."

"இன்னைக்கு?"

"தண்ணி குடிச்சவய்ங்களுக்கும் விசில்தான். அப்புறம் ரேடியோவப் போட்டுட்டாய்ங்க. பக்கத்துல நின்னவய்ங்களுக்கு விசில் கேட்டுச்சு, அந்தக் கடைசில நின்ன சாருக்குக் கேக்கல. அதான் சர்பத் குடிச்சவய்ங்களுக்கு ஊதுறப்பவே சிவப்புத் துண்டையும் இறக்குனேன்."

தேவிகா இரண்டு வாட்ச் கேட்டாள். ஆரிப் கோயிலுக்கு ஓடி, ஐந்து நிமிட அமைதியும் கை நிறையப் பொங்கலும் வாங்கி வந்தான். முடிவுக் கோட்டில், விசில் கேட்கும்வரை சார் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கோகுல்நாத் துண்டை மட்டும் பார்க்க வேண்டும். ஓடுவது தேவிகா.

ஓடினாள். கோகுல்நாத் வாட்சில் 18.2. சார் வாட்சில் 17.9. ஒரே ஓட்டம், இரண்டு நேரம்.

"குத்தவாளி உங்க காது சார்," என்றாள், மூச்சு வாங்க. "துண்டு உடனே கண்ணுக்குத் தெரியும். சத்தம் நூறு மீட்டர் வர கால் செகண்டுக்கு மேல ஆகும். போன வாரமும், இன்னைக்குத் தண்ணி குடிச்சவங்களுக்கும் நீங்க விசிலக் கேட்டு லேட்டா அமுக்குனீங்க, எல்லாருக்கும் இல்லாத வேகம் வந்துச்சு. சர்பத் யாரையும் கெடுக்கல. பொய் சொன்னது துண்டு பார்த்த நேரம் இல்ல சார், விசில் கேட்ட நேரம்."

சார் இரண்டு வாட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ஆரிப்பின் தோளில் கை வைத்து, "தப்பு என்னுதுடா" என்றார். மைதானமே கைதட்டியது. தன் 11.1 பொய் என்று தெரிந்த கோகுல்நாத் மட்டும் துக்கம் விசாரிக்க ஆள் தேடினான்.

தேவிகாவுக்கு எந்த நேரத்தை எழுதுவது என்றார் சார். 17.9-ஐ ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, 18.2 என்றாள்.

தனியாக ஓடியதால், அன்று முதலிடமும் அவளுக்கே.