காலி அறையின் ஒலி

நூற்றுக்கணக்கான வசைகளுக்கு நடுவே ஒரு பாராட்டு இருந்தது. லாரிசாவை உறுத்தியது அதுதான்.

"குதிரை கூரை மேல ஏறி நிக்குது. மழை பாலத்துக்கு அடியிலயும் பெய்யுது. ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் ஒரே வசனத்தையே பேசறானுங்க. ரெண்டு நட்சத்திரமே அதிகம். ஆனா பூட்டின வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டப்ப யாரோ மூச்சு விடற சத்தம் கேட்டுது பாருங்க, யப்பா! அதைச் செஞ்சவங்களுக்கு மட்டும் மிச்சம் மூணையும் குடுத்துடறேன்."

எழுதியவர் தன்னை 'மூணுகால் குதிரை' என்று அழைத்துக்கொள்பவர். ஆட்டம் வெளியான நாளிலிருந்து திட்டுபவர்; திட்டிக்கொண்டே தினமும் ஆடுபவர்.

'சாம்பல் சமவெளி' என்ற அந்த வீடியோ கேமுக்கு ஒலி அமைத்தவள் லாரிசா ஹோலுப். காற்று, குளம்படி, புல் உரசல், எங்கோ குரைக்கும் நாய் எல்லாம் அவள் கைவேலை. மூச்சுச் சத்தம் எதையும் அவள் வைத்ததில்லை.

அந்த ஆட்டத்தில் வீடுகள் வெறும் கூடுகள். பரந்த சமவெளியைக் கட்டி முடிப்பதற்குள் காலம் போய்விட்டதால் கதவுகளைச் சுவரில் வரைந்துவிட்டார்கள், அவை திறக்காது. ஆட்டக்காரர்களின் பெரிய கோபமே அதுதான். வரப்போகும் விரிவாக்கத்தில் கதவுகள் திறக்கும் என்று நிறுவனம் வாக்குக் கொடுத்திருந்தது. அதுவரை உள்ளே போக ஒரே வழி ஒரு பிழை: சுவரை ஒட்டிக் குதிரையிலிருந்து இறங்கினால் சில சமயம் ஆட்டம் உங்களை வெளியே இறக்குவதற்குப் பதில் உள்ளே தள்ளிவிடும். உள்ளே விளக்கில்லை, தரை பாதிதான் உண்டு, வெளியே வரவும் முடியாது. ஆட்டத்தை மூடித் திறக்கும்வரை அந்த இருட்டில் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த இருட்டுக்கும் லாரிசா ஒரு ஒலி வைத்திருந்தாள். ஒலி அடியோடு நின்றுபோனால் மனம் அதை அமைதி என்று எடுத்துக்கொள்ளாது. ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்றுதான் நினைக்கும். அதனால் அவளுடைய தொழிலில் காலி அறைகளைப் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். ஒரு அறை சும்மா இருக்கும்போதும் அதற்கென்று ஒரு முனகல் உண்டு. சுவருக்குள் குழாய் குளிர்வது, மரம் சுருங்குவது, தெருவின் இரைச்சல் கான்கிரீட் வழியாக மெலிந்து வந்து சேர்வது. அதைப் பதிவு செய்பவர் அறைக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் அவருடைய மூச்சு பதிவாகிவிடும். ரெக்கார்டரை ஓடவிட்டுப் போய்விட வேண்டும்.

எட்மன்டனின் வடக்கில் இந்த வீட்டை வாங்கிய வாரம், சாமான்கள் வருவதற்கு முன், லாரிசா தன் கீழ்த்தளத்தை அப்படித்தான் பதிவு செய்தாள். ரெக்கார்டரைத் தரை நடுவில் வைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு, திரைச்சீலைக் கம்பி வாங்கக் கடைக்குப் போனாள். திரும்பி வந்து அதிலிருந்து நான்கு நிமிடத் துண்டை வெட்டி எடுத்து, எல்லாக் கூடுகளிலும் சுற்றிச் சுற்றி ஓடும்படி போட்டுவிட்டாள். காலி அறையின் ஒலியை யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை.

பிழையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வேறு வேலை இல்லை. அவர்கள் கேட்டார்கள்.

ஒரு வாரத்தில் கருத்துப் பக்கமே மாறிப்போனது. பியானோவுக்குச் சுருதி கூட்டும் தொழிலில் இருக்கும் 'குளிர்கால எலி' என்பவர் மிகப் பொறுமையாக எழுதியிருந்தார்: "தூரத்துச் சத்தம்னா அதுல சுவர் கலந்திருக்கும். பக்கத்துச் சத்தத்துல சுவர் இருக்காது. முதல் நிமிஷத்துல அந்த மூச்சுல சுவர் இருக்கு. நாலாவது நிமிஷத்துல இல்ல. அப்படின்னா என்ன அர்த்தம்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களே போய்த் தூங்கிப் பாருங்க."

லாரிசா பழைய பதிவைத் தேடியெடுத்துக் கேட்டாள். அவர் சொன்னது சரி. ஈரமான, நிதானமான மூச்சு. அறையின் மூலையில் தொடங்கி, அவசரமே இல்லாமல், மைக்கைக் குனிந்து பார்ப்பவரின் மூச்சாக முடிந்தது.

அன்றிலிருந்து மூன்று இரவுகள் அலுவலகச் சோபாவில் தூங்கினாள்.

"நீ சரியான கள்ளி, லாரா!" என்றான் ட்ரெவர். நிறுவனத்தை நடத்துபவன் அவன்தான். "இவ்வளவு நாள் வாயைத் தொறக்கவே இல்லியே. நம்மளைக் கரிச்சுக் கொட்டினவன்லாம் இப்ப விரிவாக்கம் எப்பன்னு கேக்கறான்."

"நான் எதையும் வைக்கல, ட்ரெவர். அது என் வீட்டுக் கீழ்த்தளம். காலியா இருந்துது."

"இதே மூஞ்சியோட வெளியிலயும் சொல்லு. அப்படியே நம்புவாங்க."

"நான் நிஜமா சொல்றேன்."

"சரி, அப்ப ஃபர்னஸா இருக்கும். எங்க வீட்டு ஃபர்னஸ் என்னைவிடப் பலமா குறட்டை விடும், என் பொண்டாட்டியைக் கேட்டுப் பாரு." மேசையில் தாளம் போட்டான். "அதே எடத்துலேர்ந்து நேரலை போடுவோம். காலி அறை. அவ்வளவுதான். எல்லாரும் சேர்ந்து கேப்போம்."

அவள் மறுக்கவில்லை. அதற்குக் காரணம் ட்ரெவர் அல்ல. வீட்டைச் சூடாக்கும் அந்த ஃபர்னஸை நிறுத்திவிட்டு ஆயிரக்கணக்கான காதுகள் கேட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், அவள் தன் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம். தன் கட்டிலில் தூங்கலாம். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை சாயங்காலம். டிசம்பர் என்பதால் நாலரைக்கே இருட்டிவிட்டது. முன்கதவை இடுப்பளவு பனி அடைத்திருந்ததால் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்தாள். அது பாதிப் படியில் இருக்கிறது. அங்கிருந்து மேலே போனால் சமையலறை, கீழே போனால் கீழ்த்தளம். கீழே இறங்கி, கவிழ்த்த பெயின்ட் வாளி ஒன்றின் மேல் ரெக்கார்டரை வைத்தாள். ஃபர்னஸை அணைத்தாள். அது கடைசியாக ஒரு முறை தகரம் நெளியும் சத்தம் எழுப்பி அடங்கியது. பழைய சிமென்ட் வாசனையும் சலவைத் தூளின் வாசனையும் மட்டும் மிஞ்சின. மூலைகளில் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். சுவர். தரை. ஒரு தண்ணீர்க் குழாய். மேலே வந்து பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கதவுக்கு முதுகு காட்டியபடி கணினி முன் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டினாள்.

நேரலை என்று சொன்னாலும் அது நேராக வருவதில்லை. ரெக்கார்டர் பிடித்த ஒலி வைஃபை வழியாகச் சிறுசிறு துண்டுகளாக எங்கோ உள்ள ஒரு கணினிக்குப் போய், வழியில் தடைபட்டுவிடாமலிருக்கக் கொஞ்சம் சேர்த்து வைக்கப்பட்டு, பிறகுதான் கேட்பவர்களைச் சேரும். இருபது நொடி ஆகும். அவளுக்கும் அதே தாமதம்தான். கேட்டுக்கொண்டிருக்கும் கணத்தில், கேட்டது ஏற்கனவே நடந்து முடிந்திருக்கும்.

கருத்துகள் ஓடத் தொடங்கின.

"ஒண்ணுமே கேக்கல. வழக்கம்போல பாதி வேலை."

"கதவைத் தொறக்கத் தெரியாதவனுங்க, காத்தைக் காட்டிக் காசு பாக்கறானுங்க."

"டேய், கொஞ்சம் வாயை மூடுங்கடா, கேக்க விடுங்க."

"வாயை மூடிட்டுத்தான்டா டைப் பண்றேன்."

லாரிசா தன்னை மறந்து சிரித்தாள். ஒன்றுமில்லை. கீழே ஒன்றுமே இல்லை. குழாய் டிக்கென்றது; குளிர்ந்துவரும் வீட்டின் மரம் எங்கோ ஒரு முறை முறுக்கிக்கொண்டது. இன்னும் கால் மணி நேரம் இப்படியே போனால் ஃபர்னஸைப் போட்டுவிட்டு பெரோகிக் கொழுக்கட்டை வேகவைக்கலாம், வெண்ணெயும் வெங்காயமும் நிறையப் போட்டு.

அப்போது இடது காதில் வந்தது.

சுவர் கலந்த மூச்சு.

"வந்துட்டாரு நம்ம ஆளு!" என்றார் மூணுகால் குதிரை.

ஃபர்னஸ் ஓடவில்லை. மூச்சு நிதானமாக வந்தது, நின்றது, மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் அதிலிருந்த சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே வந்து, கடைசியில் மூச்சு மட்டும் இருந்தது. பிறகு இரண்டு காதிலும் ஒரு பெரிய கரகரப்பு. அது என்ன சத்தம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ரெக்கார்டரின் உடலை ஒரு கை தொடும்போது வரும் சத்தம்.

ஹெட்போனைக் கழற்றினாள்.

வீடு நிசப்தமாக இருந்தது. படியில் காலடி இல்லை. எதுவும் இல்லை. வெறும் காதுக்கு அந்த வீடு காலி.

திரை காலியாக இல்லை.

"மைக்கைக் கையில எடுத்துட்டாங்க!"

"நடக்கறாங்க."

"படி. மரப்படி. செம!"

பக்கவாட்டுக் கதவு அந்தப் படியில்தான் இருந்தது. வெளியே போக வேறு வழியில்லை. ஜன்னல் குளிருக்காக வெளியிலிருந்து ஆணியடித்து மூடப்பட்டிருந்தது. அவள் நிறுவனத்தின் பெயரிலேயே கருத்துப் பெட்டியில் அடித்தாள்: இது நாங்கள் செய்வதல்ல. நான் வீட்டில் தனியாக இருக்கிறேன். யாராவது போலீசைக் கூப்பிடுங்கள்.

"அம்மா தாயே, நடிப்புக்குத் தனியா ஒரு நட்சத்திரம்."

"கதவுக்குக் காத்திருந்தது வீண் போகல. விரிவாக்கம் இப்பவே வாங்கிட்டேன்."

போனை எடுத்தாள். விரல் கடைசியாகப் பேசிய பெயரில் விழுந்தது. ட்ரெவர் முதல் மணியிலேயே எடுத்தான்.

"நிறுத்திடாதே, லாரா! இருபதாயிரம் பேர் கேக்கறாங்க!"

"ட்ரெவர், அது மேல ஏறி வருது."

"தெரியும், நானும் கேட்டுட்டுத்தானே இருக்கேன். உடம்பெல்லாம் புல்லரிக்குது. யாரை வெச்சுப் பண்றே?"

"யாரையும் வெச்சுப் பண்ணல. போலீசைக் கூப்பிடு. தயவுசெஞ்சு கூப்பிடு."

"இதைத்தான் சொல்றேன், இதே குரல்…"

அவன் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனான். அவள் கண் திரைக்குப் போயிருந்தது.

"ஒரு பொம்பளை பேசறா. கதவுக்கு அந்தப் பக்கம்."

"'யாரையும் வெச்சுப் பண்ணல'ங்கறா."

போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். இருபது நொடிக்கு முன் அது பின்னறைக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறது. நின்று, அவள் பேசியதைப் பிடித்திருக்கிறது. இருபது நொடிக்கு முன். இப்போது?

கதவு திறக்கும் சத்தம் வரவில்லை. காற்றுகூட அசையவில்லை. திரும்பிப் பார்க்க வேண்டும். கழுத்து திரும்பவில்லை.

குளிர்கால எலி எழுதினார்: "'தயவுசெஞ்சு கூப்பிடு'ங்கறப்ப அந்தம்மா குரல்ல கதவு இல்ல. உள்ள வந்துட்டாங்க."

பிறகு ஒவ்வொன்றாக.

"ரெண்டு மூச்சு கேக்குது."

"ஆமா, ரெண்டு. ஒண்ணு படபடன்னு. ஒண்ணு மெதுவா."

"மெதுவா விடறதுதான் நம்ம ஆளு."

லாரிசா வாயை மூடிக்கொண்டாள். மூச்சைப் பிடித்தாள்.

பிடித்தபடி திரையைப் பார்த்தாள். சிரிக்கும் எமோஜி முகங்கள் ஓடின. பயந்த முகங்கள் ஓடின. பழைய மூச்சு இன்னும் அவர்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அது தீர வேண்டும். நெஞ்சு எரிந்தது. காதுக்குள் இரத்தம் இடித்தது. தீர வேண்டும்.

"படபடன்னு விட்டது நின்னுடுச்சு," என்றார் குளிர்கால எலி.

அடுத்த வரி வர நேரமாயிற்று. எழுதியது மூணுகால் குதிரை. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"மெதுவா விட்டது நிக்கல. காது பக்கத்துல வந்துடுச்சு."

திரையின் அடியிலிருந்து நட்சத்திரங்கள் ஐந்தைந்தாக ஏறத் தொடங்கின. அவற்றுக்கு நடுவே, திரைக் கண்ணாடியின் பிரதிபலிப்பில், அவள் முகத்துக்குச் சற்றுப் பின்னால், யார் கையும் தெரியாமல், ரெக்கார்டரின் சிறிய சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.